ஸ்னூக்கர் கியூவுக்கு டிப் மாற்றுவது: புதிதாக ஆட வந்தவர்களுக்கு

கிளப்பில் டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கரிடம் கியூவைக் கொடுத்தால் அவரே டிப் (முனையில் பந்தில் படும் சின்னத் தோல் துண்டு) ஒட்டிக் கொடுத்துவிடுவார், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறோம். அதில் தப்பில்லை. நல்ல மார்க்கர் கையில் கியூ போனால் உங்களைவிட நன்றாகவே ஒட்டுவார். ஆனால் சனி, ஞாயிறு கூட்டத்தில் அவர் டேபிளையும் பார்க்க வேண்டும், பில்லையும் பார்க்க வேண்டும், இதற்கு நடுவில் பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்த டிப் அடுத்த வாரம் ஒரு ஸ்கிரூ ஷாட்டில் (வெள்ளைப் பந்தைப் பின்னால் சுழலவைக்கும் அடி) பிய்ந்துகொண்டு டேபிளுக்கு அடியில் போய்விழும். சொந்தக் கியூ வாங்கிவிட்டீர்கள் என்றால் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது நல்லது. கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை.

எந்தப் பிராண்டு டிப் நல்லது என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஒட்டுகிற இரண்டு பரப்புகளும், அதாவது டிப்பின் அடிப்பக்கமும், கியூ முனையில் இருக்கும் பித்தளை வளையமான ஃபெரூலின் தலையும், தட்டையாகவும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமலும் இருந்தால் விலை குறைந்த டிப்பே மாதக்கணக்கில் உழைக்கும். அது சரியில்லை என்றால் ஜப்பானில் இருந்து வரவழைத்த டிப்பும் நிற்காது.

மாற்ற வேண்டுமா, முதலில் பாருங்கள்

டிப் பந்தில் வழுக்கி மிஸ்கியூ ஆனதும் எல்லாரும் முதலில் டிப்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். பாதி நேரம் டிப் மேல் குற்றமே இருக்காது. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து, பந்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 13 மில்லிமீட்டர் வரைதான் டிப் வழுக்காமல் பிடிக்கும். அதைத் தாண்டிக் கீழேயோ பக்கத்திலேயோ குத்தினால் நேற்று ஒட்டிய டிப்பாக இருந்தாலும், எவ்வளவு சாக் தடவியிருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். ஆழமாக ஸ்கிரூ வைக்க ஆசைப்பட்டு மிகவும் கீழே போகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

டிப் மீதே தப்பு என்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஃபெரூலுக்கு மேலே தோல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கும். இதற்கும் கீழே போனால் பித்தளை போய் வெள்ளைப் பந்தில் இடிக்கும் ஆபத்து இருக்கிறது. அல்லது தோலில் வெடிப்பு விட்டிருக்கும், அடுக்கு பிரிந்திருக்கும். அல்லது நகத்தால் அழுத்தினால் ஒரு பக்கம் கல் மாதிரியும் இன்னொரு பக்கம் சொதசொதவென்றும் இருக்கும். சாதாரண ஷாட்டிலேயே அடிக்கும் சத்தம் மாறி 'டக்'கென்று வெற்றுச் சத்தம் வந்தால் பசை ஒரு ஓரத்தில் விட்டிருக்கலாம், விரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து நெம்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் கியூவில் இருப்பது ஒட்டுகிற டிப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவான சில கியூக்களில் மறை போட்டுத் திருகுகிற டிப் வரும், அதற்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். அமெரிக்கன் பூல் கியூவும் வேறு கதை, அதன் முனை 12, 13 மில்லிமீட்டர் இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் ஆஷ் அல்லது மேப்பிள் மரத்தில் பித்தளை ஃபெரூல் போட்ட, முனை 9இலிருந்து 10 மில்லிமீட்டர் வரை உள்ள ஸ்னூக்கர் கியூவுக்கு.

என்ன டிப் வாங்குவது

புதிதாக ஒட்டிப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது எல்க் மாஸ்டர். நீல நிறத் தோல், ஒரே துண்டாக அழுத்திச் செய்தது, கொஞ்சம் மென்மையான ரகம். விலை குறைவு என்பதால் ஒன்றைக் கெடுத்தாலும் மனசு வலிக்காது. 50 டிப் கொண்ட பெட்டியாகவும் வரும், கடையில் உதிரியாகவும் எடுக்கலாம். இதில் ஒரே குறை, ஒரே பெட்டியில் இருக்கும் டிப்களே ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று நல்ல கெட்டியாக இருக்கும், பக்கத்தில் இருப்பது பஞ்சாக இருக்கும். அதனால் பொறுக்கி எடுக்க வேண்டும். டைல்ஸ் தரையிலோ கண்ணாடி மேஜையிலோ ஒவ்வொன்றாக ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். கெட்டியானது 'டிக்' என்று கூர்மையாகச் சத்தம் கொடுக்கும், மென்மையானது மொத்தென்று விழும். ரொம்பக் கல்லாகவும் வேண்டாம், பஞ்சாகவும் வேண்டாம், நடுவில் இருப்பதை எடுங்கள். ஓரத்தில் நார் பிரிந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எல்க் மாஸ்டரைச் செய்யும் அதே ட்வீட்டன் கம்பெனியின் புளூ டைமண்ட் கொஞ்சம் கெட்டி, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் குறைவு. கமுய், டாலிஸ்மன் போன்றவை பன்றித்தோலை மெல்லிய அடுக்குகளாக ஒட்டிச் செய்தவை. எல்லா டிப்பும் ஒரே மாதிரி இருக்கும், வடிவமும் நாளாகிக் குலையாது, காசுதான் பல மடங்கு. நாலைந்து டிப் ஒட்டிக் கை படிந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம். முதல் டிப்பே கமுய் வாங்கி, பிளேடு வழுக்கி அதை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

அளவு எடுக்கும்போது ஃபெரூலைவிட அரை மில்லிமீட்டர் பெரியதாக எடுங்கள். 9.5 ஃபெரூலுக்கு 10 டிப். சரியான அளவில் வாங்கினால் ஒட்டும்போது ஒரு நூல் நகர்ந்தாலும் ஒரு பக்கம் பித்தளை வெளியே தெரியும், அதற்கு மருந்தே இல்லை. பெரிதாக இருந்தால் சீவிக்கொள்ளலாம்.

மற்ற சாமான்களெல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். புது பிளேடு போட்ட கட்டர், 120, 240, 600 நம்பர் உப்புத்தாள் ஒவ்வொன்று, மாஸ்கிங் டேப், கொஞ்சம் ஸ்பிரிட், அப்புறம் ஃபெவிக்விக் ஜெல். சாதாரண ஃபெவிக்விக்கும் பிடிக்கும். ஆனால் அது தண்ணீராக இருப்பதால் தோலுக்குள் இறங்கி அடிப்பகுதியைக் கல்லாக்கிவிடும், டிப்பை நடுவில் நகர்த்தி வைக்கவும் நேரம் கொடுக்காது. ஜெல் என்றால் சில நொடி கிடைக்கும், அந்தச் சில நொடிதான் நமக்கு வேண்டியது.

பழையதை எடுப்பது

கியூவின் பட் பக்கத்தை, அதாவது தடித்த அடிமுனையை, தரையில் ஊன்றி, மேல் பகுதியை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்காருங்கள். பிளேடை ஃபெரூலின் தலைக்குக் கொஞ்சம் மேலே, படுக்கைவசமாக வைத்து, கியூவைத் திருப்பித் திருப்பித் தோலைச் சுற்றிலும் சீவி எடுங்கள். பிளேடு போகும் திசையில் உங்கள் விரலோ தொடையோ இருக்கக் கூடாது. ஒரே வெட்டில் எடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு மெல்லிய படலம் மிச்சம் இருக்கும்வரை சீவிவிட்டு, அதைப் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினால் பழைய பசையோடு சேர்ந்து வந்துவிடும்.

குறடு போட்டு முறுக்கிப் பிய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பல கியூக்களில் ஃபெரூலுக்கு நடுவே மரம் மேல்வரை வந்திருக்கும், முறுக்கினால் பழைய டிப்போடு அந்த மரநாரும் பிய்ந்துவரும், சமயத்தில் ஃபெரூலே ஆட்டம் கண்டுவிடும்.

அடுத்து வருவதுதான் முழு வேலையிலும் முக்கியமான பகுதி, அவசரமே படாதீர்கள். ஃபெரூலின் தலை தட்டையாகவும் கியூவுக்கு நேர் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். 240 உப்புத்தாளை ஒரு சின்ன மரக்கட்டையிலோ பழைய ஸ்டீல் ஸ்கேலிலோ இறுக்கிச் சுற்றி, ஃபெரூல் மேல் சமமாகப் படுக்கவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கியூவைக் கால் சுற்று திருப்பி, மறுபடி இரண்டு இழுப்பு, இப்படியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். திருப்பாமல் ஒரே பக்கமாக இழுத்தால் கைப்பழக்கத்தில் ஒரு ஓரம் தேய்ந்து சாய்ந்துவிடும். பழைய பசையின் பளபளப்பு போய்ப் பித்தளை மங்கலாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பித்தளை போகிறது, அது திரும்ப வராது.

ஸ்கேலின் விளிம்பை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் வந்தால் பரவாயில்லை, பசை நிரப்பிவிடும். நடு உயர்ந்து ஓரத்தில் வெளிச்சம் வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும், இல்லையென்றால் டிப் நடுவில் மட்டும் ஒட்டி ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். மரம் பள்ளமாக உள்ளே போயிருந்தால் அதை நீங்களே சரிசெய்ய வேண்டாம், கியூ ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

டிப்பின் அடிப்பக்கத்துக்கும் இதே மரியாதை. 120 உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, டிப்பின் அடிப்பக்கத்தை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, அவ்வப்போது விரலில் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். வழவழப்பு முழுவதும் போய் ஒரே சீராகச் சொரசொரப்பாக வேண்டும். அங்கங்கே பளபளப்புத் திட்டு தெரிந்தால் அந்த இடம் இன்னும் உப்புத்தாளைத் தொடவே இல்லை என்று அர்த்தம். முடிந்ததும் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, ஃபெரூலை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து ஆறவிடுங்கள். அதற்கப்புறம் இரண்டு பரப்பையும் விரலால் தொட வேண்டாம். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஒட்டுவது

ஃபெரூலுக்கு மேலே மிளகு அளவு ஜெல் போதும். அதைக் குச்சியால் பரப்பி, டிப்பை வைத்து, லேசாக இடமும் வலமும் திருகினால் பசை ஓரம்வரை பரவும். உடனே கியூவைச் சுற்றிப் பார்த்து, எல்லாப் பக்கமும் டிப் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கியூவைத் தலைகீழாக்கி, தரையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு, அதன்மேல் டிப்பை ஊன்றி நேர்க்கோட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாய்த்து அழுத்தக் கூடாது. பிதுங்கி வந்த பசையை உடனே துடைத்துவிடுங்கள், ஆஷ் மரத்தில் வழிந்து காய்ந்தால் கறை மாதிரி நிற்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள், ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம், ஜெல் சீக்கிரம் இறுகிவிடும்.

பசை பிடித்துவிட்டது மாதிரி பத்து நிமிடத்திலேயே தோன்றும், நம்பாதீர்கள். குறைந்தது ஒரு மணிநேரம் விடுங்கள். இரவு ஒட்டிக் காலையில் சீவுவது எனக்குப் பிடித்த வழி. சீவும்போது பக்கவாட்டில் கொடுக்கிற அழுத்தம்தான் அரைகுறையாகக் காய்ந்த டிப்பைப் பிய்க்கிறது.

சீவி வடிவம் கொடுப்பது

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை எடுக்க, கியூவைத் தலைகீழாகப் பிடித்து டிப்பை ஒரு மரப்பலகையில் ஊன்றுங்கள். பிளேடின் தட்டைப் பக்கம் ஃபெரூலை ஒட்டிப் படிந்திருக்க, மேலிருந்து பலகையை நோக்கிக் கீழ்முகமாக நறுக்குங்கள். நகம் வெட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக, கியூவைத் திருப்பிக்கொண்டே. பிளேடு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் தோலை வெட்டாமல் இழுக்கும், அதனால்தான் புது பிளேடு என்று முதலிலேயே சொன்னேன்.

ஃபெரூலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, டிப்பின் பக்கவாட்டை 240, பிறகு 600 என்று சுற்றுவாட்டில் தேய்த்து, ஃபெரூலோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். விரலை மேலும் கீழும் ஓட்டினால் இரண்டும் சேரும் இடம் தட்டுப்படக் கூடாது. அதன்பின் பக்கவாட்டை மட்டும் எச்சில் தொட்டு ஈரமாக்கி, பழைய பெல்ட் துண்டு ஏதாவது தோல் இருந்தால் அதனால், இல்லையென்றால் உப்புத்தாளின் பின்பக்கத்தால் சூடேறுகிற வரை வேகமாகத் தேய்த்துவிடுங்கள். ஓரம் கறுத்துப் பளபளவென்று இறுகிவிடும். அழகுக்காக இல்லை. ஓரம் இறுகியிருந்தால்தான் அடி விழும்போது தோல் பக்கவாட்டில் பிதுங்காது.

மேல்பக்கம் குவிந்த வடிவம். எவ்வளவு குவிவு? ஒரு ரூபாய் நாணயத்தை டிப்புக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், இரண்டின் வளைவும் சுமாராக ஒத்துப்போனால் சரி. தட்டையாக விட்டால் சைடு வைக்கும்போது (பந்தைப் பக்கவாட்டில் சுழலவைக்கும்போது) டிப்பின் விளிம்புதான் பந்தில் படும், வழுக்கும். ரொம்பக் கூராக்கினாலும் தோல் வீணாகும், சீக்கிரம் அமுங்கியும் போகும். 240 உப்புத்தாளால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்த்து, கியூவைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரத்தில் குறைந்தது இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தோல் நிற்க வேண்டும்.

இந்தச் சின்னத் தோல் துண்டுக்கு இத்தனை மெனக்கெடலா என்று தோன்றலாம். பில்லியர்ட்ஸில் இது வருவதற்கு முன்னால் வெறும் மரமுனையால்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் தோல் முனையைப் பரப்பிய பிறகுதான் பந்தைப் பின்னால் சுழலவைப்பதெல்லாம் சரளமாகக் கைக்கு வந்தது. நம் ஊட்டி கிளப்பில் 1882இல் ஸ்னூக்கர் விதிகளை எழுதிப் போட்டபோது தோல் டிப் வந்து அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது. இன்றைய விதிப்புத்தகமும் கியூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது, ஒல்லியான முனையில் டிப் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

பழக்கப்படுத்துவது, பராமரிப்பது

புது டிப்போடு நேராக மேட்சுக்குப் போகாதீர்கள். முதல் சில மணிநேரம் தோல் அமுங்கிக்கொண்டே இருக்கும், சத்தமும் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து டேபிளின் நீளவாட்டில் நேராக நடுத்தர வேகத்தில் அடித்துக்கொண்டிருங்கள், ஒவ்வொரு அடிக்கும் சாக் போடுங்கள். ஸ்கிரூவும் சைடும் எப்படி வருகிறது என்ற தீர்ப்பை இப்போதே எழுத வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஆடியதும் டிப்பின் ஓரம் ஃபெரூலைத் தாண்டிக் காளான் மாதிரி கொஞ்சம் விரிந்திருக்கும். எல்க் மாஸ்டரில் இது நடக்கத்தான் செய்யும். மறுபடி டேப் சுற்றி, ஓரத்தை மட்டும் தேய்த்து, எச்சில் தொட்டு இறுக்கிவிடுங்கள். பொதுவாக இரண்டாவது, மூன்றாவது தடவைக்குப் பிறகு விரிவது நின்றுவிடும். அதற்கப்புறமும் விரிந்துகொண்டே போனால் பஞ்சு டிப்பைப் பொறுக்கியிருக்கிறீர்கள், கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஒட்டுங்கள்.

சாக் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் எல்லாக் கிளப்பிலும் உண்டு. சாக்கை டிப் மேல் கவிழ்த்து வைத்துக் கியூவைத் திருகோ திருகென்று திருகுவது. நடுவில் குழி விழுந்த சாக் டேபிளில் கிடந்தால் யாரோ இதைச் செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். குழிக்குள் திருகினால் டிப்பின் ஓரத்தில்தான் சாக் ஏறும், பித்தளையும் உராய்ந்து தேயும். சாக்கைப் பிடித்து, டிப்பின் மேல் லேசாகப் பூசுவதுபோல் குறுக்கே இழுங்கள், கியூவைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இழுங்கள், முழுப் பரப்பிலும் மெல்லிய படலம் இருந்தால் போதும். அப்பி வைத்தால் பந்தில் ஒட்டிக்கொண்டு கிக் வரும் (பந்துகள் மோதும்போது தப்பாகத் துள்ளும்), துணியும் அழுக்காகும்.

டிப்பின் தலை பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகி, சாக் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் 240 உப்புத்தாளை மேலே வைத்து லேசாகத் தட்டிச் சொரசொரப்பாக்குங்கள், அதுவும் இரண்டு மூன்று தட்டுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கு முன்னும் அரத்தை எடுத்துத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் டிப் ஆடித் தேய்வதில்லை, அரத்தில்தான் தேய்கிறது.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரக்காற்று தோலை மென்மையாக்கும், ஏசி ஹாலில் இறுகியிருந்த டிப் வீட்டில் வேறு மாதிரி இருக்கும். கியூவைக் கேஸுக்குள் வைத்தே பழகுங்கள், சுவரில் சாய்த்து நாள்கணக்கில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் விட்டால் பசையும் இளகும், மரமும் வளையும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் கியூவை மேலிருந்து கீழாகத் துடைத்து வையுங்கள், ஃபெரூலுக்குக் கீழே படிந்த சாக் தூசி வியர்வையோடு சேர்ந்து மரத்துக்குள் நீலமாகவோ பச்சையாகவோ இறங்கிவிடும்.

டிப் நன்றாக ஒட்டியிருந்தும் ஒவ்வொரு ஷாட்டிலும் 'கிலுக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஃபெரூல் விட்டிருக்கலாம். இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள், நூலளவு சுற்றினாலும் அது உங்கள் வேலை இல்லை. ஃபெரூலைக் கழற்றி மரத்தைச் சீர்செய்து ஒட்டுவதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

கேஸின் பக்கவாட்டுப் பையில் அடிப்பக்கம் ஏற்கெனவே தேய்த்து வைத்த இரண்டு டிப், ஒரு ஜெல், துண்டு உப்புத்தாள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் டிப் பறந்தால், அதை அங்கேயே ஒட்டி ஐந்து நிமிடத்தில் ஆட நினைக்காதீர்கள். ஒட்டிவிட்டுக் கியூவை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, அன்றைய ஃபிரேமைக் கிளப் கியூவில் முடித்துக்கொள்ளுங்கள்.